புரை எடுத்த கண்ணில் அழுத்தம் ஏறுவது ஏன்?

வாசகர் கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 66. ஓய்வுபெற்ற ஆசிரியை. ஐந்தாறு ஆண்டுகளாக இரண்டு கண்களிலும் கண் அழுத்த நோய் இருக்கிறது. இரவு படுக்கும்போது லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து போட்டு வந்தேன். சென்ற மாதம் வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். அதற்கு முன் அழுத்தம் 18 இருந்தது. மறுநாள் பார்த்தபோது 32. மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஒரு வாரத்தில் 16 ஆனது, நிம்மதியாக இருந்தேன். நான்காவது வாரம் 27 என்று சொல்லி, வேறு சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய இரவு மருந்தை அறுவைக்கு முந்தைய நாளோடு நிறுத்தச் சொன்னார்கள். பிறகு போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் வலது கண்ணுக்குப் போடவில்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கும் கண் அழுத்தம்தான். ஒருநாள் இரவு தாங்க முடியாத தலைவலி, வாந்தி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். லேசரில் துளை போட்டார்கள். பிறகு புரையும் எடுத்தார்கள். இப்போது மருந்தே இல்லாமல் நன்றாக இருக்கிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? அறுவையில் ஏதாவது தவறு நடந்துவிட்டதா? அடுத்த மாதம் இடது கண்ணுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். 42 வயது மகன்தான் துணைக்கு வருகிறான், அவன் தள்ளிப்போடலாம் என்கிறான். என்ன செய்ய?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்: "போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் வலது கண்ணுக்குப் போடவில்லை." இதை உங்கள் மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்து, "இரவு மருந்து ஒரு மாதமாக நின்றிருக்கிறது, மீண்டும் தொடங்கலாமா" என்று கேளுங்கள். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். லட்டானோபிராஸ்ட் வகை மருந்துகளை அறுவையை ஒட்டிச் சில மருத்துவர்கள் நிறுத்திவைப்பது வழக்கம். கண்ணுக்குள் அழற்சி கூடிவிடுமோ, விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளுமோ என்ற எச்சரிக்கைதான் காரணம். நிறுத்தியதில் பிழையில்லை. எப்போது திரும்பத் தொடங்குவது என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது விடுபட்டிருக்கிறது.

இனி உங்கள் அட்டையில் இருக்கும் எண்களைப் பார்ப்போம். 18, 32, 16, 27. இவற்றை ஒரே நோயின் ஏற்ற இறக்கமாகப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் வேறு.

கண்ணுக்குள் தெளிவான ஒரு திரவம் இடைவிடாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர். பாப்பாவைச் சுற்றி வண்ணத் திரையாக இருக்கும் கருவிழித்திரைக்குப் பின்னால் உருவாகி, பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழித்திரையும் கண்ணின் வெளிச்சுவரும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் வலை போன்ற திசு வழியாக வடிந்து இரத்தத்தில் கலந்துவிடும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலானோருக்கு 10-லிருந்து 21 மி.மீ. பாதரசத்துக்குள் நிற்கும். வடிவது தடைப்பட்டால் ஏறும். கைகளில் பட்டை கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு. பி.பி. மாத்திரையைக் கூட்டினால் கண் அழுத்தம் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் பலர் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 32. புரை அறுவையின்போது கூழ் போன்ற ஒரு ஜெல்லைக் கண்ணுக்குள் செலுத்துவோம். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் உள்பக்கத்தில் ஒரே அடுக்காக இருக்கும் செல்கள் அடிபடாமல் காப்பதும், வேலை செய்ய இடம் விரித்துக் கொடுப்பதும் அந்த ஜெல்தான். அந்தச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது என்பதால் ஜெல் இல்லாமல் அறுவை இல்லை. லென்ஸை வைத்த பிறகு அதைக் கழுவி எடுத்துவிடுவோம். ஆனால் லென்ஸுக்குப் பின்னாலும் கோணத்தின் மூலையிலும் கொஞ்சம் தங்குவது உண்டு. தண்ணீர் இறங்கும் வடிகட்டியில் கஞ்சியை ஊற்றியது போலத்தான் அப்போது நிலைமை. சில மணி நேரத்தில் அழுத்தம் எகிறி, பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே இறங்கிவிடும். உங்களைப் போல ஏற்கெனவே அந்த வலை மந்தமாக இருப்பவர்களுக்கு இந்த ஏற்றம் கூடுதலாக இருக்கும். இதை அறுவையின் தவறு என்று சொல்ல மாட்டேன். கவனமாகச் செய்த அறுவையிலும் நடப்பதுதான்.

பார்வை நரம்பு நன்றாக இருப்பவருக்கு ஒருநாள் 32 இருந்தால் பெரிய கேடு வராது. கண் அழுத்த நோயால் பார்வை நரம்பு நலிந்துபோனவருக்கு அந்த ஒருநாளையும் சும்மா விடக்கூடாது. அதனால்தான் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது அசிட்டசோலமைடாகத்தான் இருக்க வேண்டும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவது அந்த மாத்திரைக்கே உரிய விளைவு, நிறுத்தினால் போய்விடும். சிறுநீரகக் கோளாறோ, சல்ஃபா மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இடது கண் அறுவைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 16. நீங்கள் நிம்மதியடைந்த இந்த எண்ணைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். இரவு மருந்தை நிறுத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. லட்டானோபிராஸ்ட் நிறுத்தினவுடன் வேலை செய்வதை விட்டுவிடாது. அதன் தாக்கம் முழுதாக வடிய நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆக ஏழாம் நாள் 16 என்பதில் பழைய மருந்தின் மிச்சமும் இருந்தது, புரை எடுத்ததால் கிடைக்கும் இறக்கமும் சேர்ந்திருக்கலாம். அது நிலையான எண் அல்ல.

நான்காம் வாரத்து 27-க்கு எனக்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பழைய மருந்தின் தாக்கம் முழுதாகத் தீர்ந்தது ஒன்று. மற்றது ஸ்டீராய்டு.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுவைக்குப் பின் முதலில் ஒரு நாளைக்கு ஆறு முறை, பிறகு நான்கு என்று குறைத்துக்கொண்டே போகும் சொட்டு மருந்து ஒன்று கொடுத்திருப்பார்கள். பால் போல வெள்ளையாக, குலுக்கிப் போட வேண்டியதாக இருந்தால் பெரும்பாலும் அது பிரெட்னிசலோன். சிலர் டெக்ஸாமெத்தசோன் எழுதுவார்கள். கண்ணுக்குள் புண் ஆறுவதற்கும் சிவப்பு அடங்குவதற்கும் இது அவசியம். ஆனால் சிலருடைய கண்களில் ஸ்டீராய்டு அந்த வடிகால் வலையின் செல்களையே மாற்றி, திரவம் வடிவதை மெல்ல மெல்ல அடைத்துவிடும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அழுத்தம் ஏறத் தொடங்கும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது, பார்வையும் அப்படியே இருக்கும். அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும். பொதுவாக மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும். நூற்றில் நான்கைந்து பேருக்கு மிக அதிகமாக ஏறும். திறந்த கோணக் கண் அழுத்த நோய், அதாவது கோணம் திறந்திருந்தும் வலை சரியாக வடிக்காத வகை, உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஏறும். அவர்களுடைய உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல்.

உங்கள் மருத்துவர் சொட்டு மருந்தை மாற்றியிருப்பது இதை ஊகித்துத்தான் என்று நினைக்கிறேன். அழுத்தத்தை அவ்வளவாக ஏற்றாத லோட்டெப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் போன்றவை இருக்கின்றன. ஸ்டீராய்டே இல்லாத அழற்சி மருந்துகளும் இருக்கின்றன. புட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீராய்டு நின்ற பிறகு பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் அழுத்தம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு வாரத்தில் வரச் சொன்னது சரியான முடிவு. கட்டாயம் போங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். 27-க்குக் காரணம் ஸ்டீராய்டுதான் என்று உறுதியானால் அதை அட்டையில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு ஊசி போடும் மருத்துவர், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்து கொடுப்பவர், தோலுக்குக் களிம்பு எழுதுபவர் என எல்லாரிடமும் நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி அது. மிச்சமிருக்கும் அந்த வெள்ளைச் சொட்டு மருந்தை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கண் சிவந்தால், உறுத்தினால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதையே திரும்ப வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் வேரோடிப் போயிருக்கிறது. போட்டதும் சிவப்பு அடங்கிவிடும், அதனால் நல்ல மருந்து என்று பெயரும் எடுத்துவிடும். மாதக்கணக்கில் அப்படிப் போட்டு, பக்கப் பார்வை முழுதும் போய், நேராக இருப்பது மட்டும் தெரிகிற நிலையில் வரும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. போன பார்வையை எந்த அறுவையாலும் எங்களால் திருப்பித் தர முடியாது.

இப்போது எதிர்வீட்டு அக்கா விஷயம். அவருடைய கண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள் போதும்: இரவில் தலைவலி, வாந்தி; பிறகு லேசரில் துளை, அதாவது திரவம் வர மாற்று வழியாகக் கருவிழித்திரையில் போடும் துளை. இவை மூடிய கோண வகையின் அடையாளங்கள். உங்களுக்கு ஐந்தாறு ஆண்டாக வலியில்லாமல், இரவு ஒரு சொட்டிலேயே 18-ல் நின்றிருக்கிறது. லேசர் துளை பற்றியும் நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் உங்களுடையது திறந்த கோண வகை. பெயர் ஒன்றாக இருந்தாலும் புரை அறுவையைப் பொறுத்தவரை இவை கிட்டத்தட்ட இரண்டு நோய்கள்.

நம் கண்ணிலுள்ள இயற்கை லென்ஸ் வயதோடு தடித்துக்கொண்டே போகும். இளமையில் நான்கு மில்லிமீட்டருக்குள் இருப்பது, புரை முற்றும் வயதில் ஐந்து மில்லிமீட்டர் வரை ஆகிவிடும். கண் சிறியதாக இருப்பவர்களுக்கு, தூரப் பார்வைக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு, முன்னறையில் ஏற்கெனவே இடம் குறைவு. தடித்த லென்ஸ் கருவிழித்திரையை முன்னே தள்ளும். கோணம் குறுகி, ஒருநாள் முழுதாக அடைத்துக்கொள்ளும். புரை அறுவையில் அந்தத் தடித்த லென்ஸை எடுத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள செயற்கை லென்ஸை வைக்கிறோம். கருவிழித்திரை பின்வாங்குகிறது, கோணம் விரிகிறது, திரவம் வழி கிடைத்து வடிகிறது. அடைப்புக்குக் காரணமாக இருந்ததையே எடுத்துவிட்டதால் அழுத்தம் விழுகிறது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளில் 419 பேரிடம் நடந்த ஈகிள் ஆய்வு 2016-இல் வெளியானது. மூடிய கோணக் கோளாறு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான லேசர் துளை. இன்னொரு பகுதியினருக்குப் புரையே இல்லாதபோதும் லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, லென்ஸ் எடுத்தவர்களில் 100-க்கு 60 பேருக்கு அழுத்தத்துக்கு மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. லேசர் செய்தவர்களில் அப்படி இருந்தவர்கள் 21 பேர்தான். எதிர்வீட்டு அக்கா அந்த 60 பேரைப் போன்றவர். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மருந்து இல்லை என்பதால் பரிசோதனையும் இல்லை என்று இருந்துவிடக்கூடாது. அந்த இரவு நரம்பு எவ்வளவு அடிபட்டது, கோணத்தில் கருவிழித்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

திறந்த கோணத்தில் கதை வேறு. வழி திறந்துதான் இருக்கிறது. வலைதான் சரியாக வேலை செய்யவில்லை. லென்ஸை எடுப்பதால் வலை புதிதாகிவிடாது. ஆனாலும் அழுத்தம் ஓரளவு குறைகிறது. கோணம் இன்னும் கொஞ்சம் விரிவதாலா, அறுவையின்போது ஓடும் நீரும் அதிர்வும் வலையின் செல்களைத் தூண்டுவதாலா என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. அமெரிக்காவில் கண் அழுத்தம் மட்டும் கூடுதலாக இருந்து, நரம்பு கெடாமல், மருந்தும் போடாமல் கண்காணிக்கப்பட்டு வந்தவர்களிடம் எடுத்த கணக்கு 2012-இல் வெளியானது. புரை எடுத்தபின் சராசரி அழுத்தம் 23.9-லிருந்து 19.8-க்கு இறங்கியிருந்தது. நான்கு எண் என்பது நல்ல இறக்கம்தான். ஆனால் முன்பு எவ்வளவு ஏறியிருந்ததோ அதற்கேற்பத்தான் இறக்கமும் கிடைக்கும். ஏற்கெனவே மருந்தால் 18-ல் இருக்கும் உங்கள் கண்ணில் நான் ஓரிரண்டு எண்ணுக்கு மேல் எதிர்பார்க்க மாட்டேன். அதுவும் ஆண்டுகள் போகப் போகக் கரையக்கூடும்.

ஆகவே இரவு மருந்து தேவையில்லை என்ற முடிவுக்கு இப்போதே வந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு முழுதாக நின்று, கண் அமைதியாகி, இரண்டு மூன்று மாதம் கழித்து அளக்கும் எண்தான் அறுவை உங்கள் கண்ணுக்கு உண்மையில் என்ன செய்தது என்று சொல்லும். அப்போது பார்வைப் பரப்புச் சோதனையையும் நரம்பின் ஸ்கேனையும் புதிதாக ஒருமுறை எடுத்துவிடச் சொல்லுங்கள். புரை இருக்கும்போது எடுத்தவற்றில் புரையின் மங்கலும் கலந்திருக்கும். நரம்பின் நிலையைத் தனியாகப் பிரித்தறிவது கடினம். இனிவரும் ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்க, புரை நீங்கிய கண்ணில் எடுத்த சோதனைதான் நமக்கு அடித்தளம்.

அடுத்த முறை போகும்போது உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் கண்ணில் கோணம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?" என்பது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கண்ணாடி வைத்த சிறு லென்ஸ் ஒன்றைக் கருவிழிமேல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வலிக்காது. ஐந்தாறு ஆண்டு நோயோடு வாழ்பவருக்கு அதன் வகை தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் அடுத்த வீட்டுக் கண்ணோடு உங்கள் கண்ணை ஒப்பிட்டு வருந்தவும் வேண்டியிருக்காது.

இடது கண்ணுக்கு வருகிறேன். மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வலது கண் அழுத்தம் கட்டுக்குள் வரும்வரை சில வாரம் தள்ளிவைக்கலாம். மருத்துவரே அப்படிச் சொல்லக்கூடும். ஆனால் பயத்தில் ஓராண்டு, ஈராண்டு என்று தள்ளிப்போடாதீர்கள். முற்றிய புரை ஊதிக் கோணத்தை அடைத்துவிடும்; அல்லது அதன் உள்ளிருப்பது கசிந்து வடிகாலை அடைத்துவிடும். இரண்டிலும் அழுத்தம் 40, 50 என்று ஏறி, தாங்க முடியாத வலியோடு அவசரமாக வர நேரிடும். அந்த நிலையில் செய்யும் அறுவை கடினம், பார்வையும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். நம் கிராமங்களிலிருந்து இப்படி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வலது கண்ணில் நடந்தது இடது கண்ணுக்கு நல்ல முன்னெச்சரிக்கை. இரவு மருந்தை நிறுத்துவதா, நிறுத்தினால் எந்தத் தேதியில் தொடங்குவது, எந்த ஸ்டீராய்டு, எத்தனை நாள், அழுத்தத்தை இரண்டாம் வாரமே ஒருமுறை அளக்க முடியுமா என்பதை அறுவைக்கு முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நரம்பு ஏற்கெனவே மிகவும் நலிந்திருந்தால், புரையோடு சேர்த்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையையும் ஒரே தடவையில் செய்வதுண்டு. உங்களுக்கு அது தேவையா என்று நரம்பின் சோதனைகளைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டுக்கும் சேர்த்து விலை கூடிய லென்ஸ் ஒன்றைப் பற்றியும் சொல்வார்கள். கண் அழுத்த நோயால் நரம்பு நலிந்தவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒளியைப் பல தூரங்களுக்குப் பங்கிடும் அந்த லென்ஸ், மங்கிய வெளிச்சத்தில் உருவங்களைப் பிரித்தறியும் திறனை மேலும் குறைத்துவிடும். சாதாரண லென்ஸே உங்களுக்கு நல்லது.

இதற்கிடையில் வலது கண்ணில் கடும் வலி, குமட்டல், பார்வை திடீரென மங்குதல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடிக்கொண்டே போகும் சிவப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

அடுத்த வாரம் போகும்போது அட்டையோடு, நீங்கள் போடும் எல்லாச் சொட்டு மருந்துப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; வாயால் சொல்வதைவிடப் புட்டிகளைக் காட்டுவது நல்லது. துணைக்கு வரும் மகனுக்கு 42 வயது என்கிறீர்கள். தாய்க்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சென்னையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் நடந்த பெரிய கணக்கெடுப்பில் இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாமல் இருந்தவர்கள். உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அவருக்கும் ஒரு சீட்டுப் போட்டு, அழுத்தம், கோணம், நரம்பு மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.